எதிர்ஃபெர்ரோகாந்தத்தின் காந்தவெப்ப விளைவு: எந்தக் கணக்கீட்டு மாதிரி எப்போது?

கையில் ஓர் எதிர்ஃபெர்ரோகாந்தப் பொருள் இருக்கிறது. அதன் காந்தமாக்க வளைகோடுகள் சில இருக்கின்றன. அல்லது அவைகூட இல்லாமல் படிக அமைப்பு மட்டும் தெரியும். காந்தப் புலத்தை ஏற்றினால் இது குளிருமா, சூடாகுமா, எத்தனை கெல்வின்? இந்த மாற்றம்தான் காந்தவெப்ப விளைவு. இதைக் கணக்கிட லாண்டவ் விரிவாக்கம் போதுமா, சராசரிப் புலமா, மான்டி கார்லோவா, முதற்கொள்கைக் கணக்கா, முழுக் குவாண்டம் முறையா? இந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர்கள் அனைவரும் நின்று தடுமாறும் இடம் இது.

முடிவு பெரும்பாலும் தவறான காரணத்தால் எடுக்கப்படுகிறது. ஆய்வகத்தில் மான்டி கார்லோ நிரல் ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது, அதனால் மான்டி கார்லோ. முதற்கொள்கை என்று எழுதினால் கட்டுரைக்கு எடை கூடும், அதனால் முதற்கொள்கை. கணினித் திறன் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேண்டிய வெப்பநிலையில் அந்தப் பொருளின் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, எந்த வடிவில் தங்கியிருக்கிறது என்பதுதான் முதற்கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

## ஃபெர்ரோகாந்தத்திலிருந்து வேறுபடும் இடம்

ஃபெர்ரோகாந்தத்தில் கதை எளிது. ஸ்பின்கள் (அணுக்களின் நுண்காந்தங்கள்) ஏற்கெனவே சாய விரும்பும் பக்கத்துக்கே புலமும் அவற்றை இழுக்கிறது. ஒழுங்கு கூடுகிறது, என்ட்ரோபி குறைகிறது, பொருள் சூடாகிறது. 1917-இல் வைஸும் பிக்கார்டும் நிக்கலில் கண்டது இதுதான்.

எதிர்ஃபெர்ரோகாந்தத்தில் இரண்டு துணை அணிக்கோவைகள் எதிரெதிராக நிற்கின்றன. அவற்றின் எளிய அச்சின் (ஸ்பின்கள் இயல்பாக நிற்க விரும்பும் கோட்டின்) திசையிலேயே புலத்தை ஏற்றினால், ஒன்றுக்கு அது துணை, மற்றதற்குப் பகை. பகைபட்ட பக்கத்தின் ஸ்பின்கள் நிலைகுலைகின்றன. மொத்த என்ட்ரோபி கூடுகிறது. வெப்பப் பரிமாற்றம் இல்லாத நிலையில் பொருள் குளிர்கிறது. இதைத் தலைகீழ் காந்தவெப்ப விளைவு என்கிறார்கள். மேக்ஸ்வெல் தொடர்பு இதையே சுருக்கமாகச் சொல்கிறது: புலத்துடன் என்ட்ரோபி மாறும் வீதம், வெப்பநிலையுடன் காந்தமாக்கம் மாறும் வீதத்துக்குச் சமம். எதிர்ஃபெர்ரோகாந்த ஒழுங்கு குலையும் புள்ளியான நேல் வெப்பநிலைக்குக் கீழே எளிய அச்சுத் திசையில் காந்த ஏற்புத்திறன் வெப்பநிலையுடன் ஏறுகிறது. ஆகவே என்ட்ரோபியும் புலத்துடன் ஏறும். நேல் வெப்பநிலைக்கு மேலே ஏற்புத்திறன் இறங்குகிறது. விளைவின் குறியும் மாறிவிடுகிறது. அச்சுக்குச் செங்குத்தாகப் புலம் வைத்தால் ஏற்புத்திறன் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். விளைவும் அதற்கேற்பச் சுழியை ஒட்டியே இருக்கும்.

அதாவது ஒரே பொருள், ஒரே புல அளவு. திசையை மாற்றினாலோ வெப்பநிலையைச் சற்று நகர்த்தினாலோ விடையின் குறியே மாறலாம். ஃபெர்ரோகாந்தத்தில் தவறான மாதிரி உச்சத்தின் உயரத்தை 20 சதவீதம் பிசகாகச் சொல்லும். இங்கே அது குளிரும் பொருளைச் சூடாகும் என்று சொல்லிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், குறியும் இடமும். மாதிரி காட்டும் குறி மாற்றம் உண்மையான நேல் வெப்பநிலையில் விழுகிறதா? ஸ்பின்-புரள்வுப் புலமும் (துணை அணிக்கோவைகள் அச்சிலிருந்து செங்குத்தாகப் புரளும் புலம்) நிறைவுறு புலமும் (எல்லா ஸ்பின்களும் புலத்தின் பக்கம் திரும்பிவிடும் புலம்) சரியான இடத்தில் வருகின்றனவா?

இரண்டாவது, என்ட்ரோபியின் கூரையும் தரையும். காந்த என்ட்ரோபிக்கு மேல் வரம்பு உண்டு: வாயு மாறிலியை ஸ்பின் நிலைகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கையால் பெருக்கினால் கிடைப்பது. ஸ்பின் அரை என்றால் மோலுக்கு 5.76 ஜூல்/கெல்வின், 5/2 ஸ்பின் உடைய இருமதிப்பு மாங்கனீசுக்கு 14.9, 7/2 ஸ்பின் உடைய கடோலினியத்துக்கு 17.3. தரை, தனிச்சுழியில் சுழி. இந்த இரண்டையும் மதிக்காத மாதிரியைத் தாழ் வெப்பநிலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

மூன்றாவது, நிலைமாற்றத்தின் வகை. ஒழுங்கு படிப்படியாக மறையும் இரண்டாம் வகையா, ஒரே தாவலில் மாறும் முதல் வகையா? முதல் வகை என்றால் தயக்கம் (ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை) வரும், கலப்பு நிலை வரும், அணிக்கோவையின் கன அளவு மாறும்.

நான்காவது, அளவுருக்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. அளந்த தரவிலிருந்தா, கணக்கிலிருந்தா, கற்பனையிலிருந்தா? ஐந்தாவது, கேட்கப்படுவது என்ட்ரோபி மாற்றமா, வெப்பநிலை மாற்றமா? இரண்டாவது வேண்டுமென்றால் ஃபோனான்களின், அதாவது அணிக்கோவை அதிர்வுகளின், வெப்ப ஏற்புத்திறன் இல்லாமல் நகர முடியாது. எந்தக் காந்த மாதிரியும் அதைத் தானாகத் தராது.

கணினி நேரத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஆள்நேரம்தான் விலை உயர்ந்தது.

## முதல் வழி: வெப்ப இயக்கவியல் மட்டும், கூடவே லாண்டவ்

மாதிரி எழுதுமுன் கையால் ஒரு மதிப்பீடு செய்யும் பழக்கம் இந்தத் துறையில் குறைந்து வருகிறது. இரும்பு–ரோடியம் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். சம விகிதத்துக்கு அருகே, அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே, இது எதிர்ஃபெர்ரோகாந்தத்திலிருந்து ஃபெர்ரோகாந்தமாகத் தாவுகிறது. தாவலில் காந்தமாக்கம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 120 ஆம்பியர்-சதுர மீட்டர் உயர்கிறது. புலம் ஒரு டெஸ்லா கூடினால் நிலைமாற்ற வெப்பநிலை ஏறத்தாழ 9 கெல்வின் இறங்குகிறது. கிளாசியஸ்–கிளாபைரான் சமன்பாட்டின்படி முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் என்ட்ரோபித் தாவல் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 13 ஜூல்/கெல்வின். வெப்ப ஏற்புத்திறனுக்கு டூலாங்–பெட்டிட் விதியே போதும்: ஒரு வாய்பாட்டில் இரண்டு அணுக்கள், மோலார் நிறை ஏறத்தாழ 159 கிராம், கிலோகிராமுக்கு 314 ஜூல்/கெல்வின் வருகிறது. 315 கெல்வினில் இந்த இரண்டையும் சேர்த்தால் குளிர்ச்சி 13 கெல்வினை ஒட்டி விழுகிறது. 1990-இல் 2 டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவான புலத்தில் நேரடியாக அளந்தபோது கிடைத்ததும் ஏறத்தாழ 13 கெல்வின்தான். இத்தனைக்கும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

லாண்டவ் விரிவாக்கம் இதற்கு அடுத்த படி. இரண்டு மாறிகள்: மொத்தக் காந்தமாக்கமும், துணை அணிக்கோவைகளின் வேறுபாடான எதிர்ஃபெர்ரோகாந்த ஒழுங்கும். கட்டிலா ஆற்றலை இவற்றின் அடுக்குகளாக விரித்து, இரண்டும் ஒன்றையொன்று நசுக்கும் ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டும். அவ்வளவிலேயே இரண்டு முடிவுகள் கிடைத்துவிடும்: நேல் வெப்பநிலை புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்குகிறது; சிறு புலத்தில் தலைகீழ் விளைவும் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஃபெர்ரோகாந்தத்தின் கியூரி வெப்பநிலையில் சராசரிப் புலக் கோட்பாடு தரும் மூன்றில் இரண்டு அடுக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு புலத்தில் எதிர்ஃபெர்ரோகாந்தங்கள் ஏன் மந்தமாகத் தெரிகின்றன என்பது புரியும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, மேக்ஸ்வெல் தொடர்பை முதல் வகை மாற்றத்தின் கலப்பு நிலையில் கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால் பொய்யான கூர் உச்சம் வரும். மாங்கனீசு ஆர்சனைடு வகைப் பொருள்களில் காந்த என்ட்ரோபியின் கூரையையே தாண்டிய எண்கள் இப்படி அச்சேறிய காலம் உண்டு. அவற்றில் பல அளவீட்டு நெறியின் பிழை என்று பின்னர் தெளிந்தது. இரண்டு, லாண்டவ் குணகங்கள் அந்த ஒரு மாதிரித்துண்டுக்கு மட்டுமே உரியவை. கலவை விகிதத்தைச் சற்று மாற்றினால் மறுபடியும் பொருத்த வேண்டும். நேல் வெப்பநிலையிலிருந்து விலக விலக விரிவாக்கமும் நொண்டும்.

இதுவே சிறந்த தேர்வாகும் சூழல்: ஒரு குறிப்பிட்ட பொருளின் நல்ல தரவு கையில் இருக்கிறது, அதைக் குளிர்விப்பானின் வெப்பப் பாய்வுக் கணக்குக்குள் ஊட்ட வேண்டும். அப்போது என்ட்ரோபி, வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் மூன்றும் ஒரே கட்டிலா ஆற்றலிலிருந்து பிறந்து ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பது, நுண்ணியல் நியாயத்தைவிட முக்கியம்.

## இரண்டாம் வழி: இரு துணை அணிக்கோவைச் சராசரிப் புலம்

ஒவ்வொரு துணை அணிக்கோவைக்கும் ஒரு பிரில்லுவான் சார்பு: புலமும் வெப்பநிலையும் தந்தால் காந்தமாக்கத்தைச் சொல்லும் சூத்திரம். ஒன்றின் காந்தமாக்கம் மற்றதன் மேல் செயல்படும் புலமாகிறது. இரண்டு சமன்பாடுகளையும் தன்னிசைவாகத் தீர்த்தால் காந்தமாக்கம், ஆற்றல், என்ட்ரோபி அனைத்தும் ஒரே மாலையில் கிடைத்துவிடும். திசைச்சார்பு உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் ஸ்பின்-புரள்வும் வரும். பீனும் ராட்பெல்லும் 1962-இல் மாங்கனீசு ஆர்சனைடுக்குச் செய்ததுபோல், பரிமாற்ற இடைவினை கன அளவைச் சார்ந்தது என்று எழுதினால் முதல் வகை மாற்றமும் வரும். எதிர்ஃபெர்ரோ–ஃபெர்ரோ தாவலுக்கு 1960-இல் கிட்டெல் எழுதிய பரிமாற்றத் தலைகீழாக்க மாதிரியும் இதே குடும்பம்.

இந்த மாதிரியின் பெரிய நன்மை ஸ்பின்னைக் குவாண்டம் எண்ணாகவே நடத்துவது. கூரையும் சரி, தரையும் சரி. என்ட்ரோபி ஒருபோதும் வரம்பை மீறாது. வேகத்தைவிட இதற்காகவே நான் எல்லாக் கணக்கையும் இங்கிருந்து தொடங்குகிறேன்.

குறை எங்கே? ஏற்ற இறக்கங்களை அது அறியாது. செவ்வியல் ஹைசன்பெர்க் ஸ்பின்கள் எளிய கனசதுர அணிக்கோவையில் இருந்தால் சராசரிப் புலம் சொல்லும் ஒழுங்கு வெப்பநிலை, இடைவினை அலகில் 2, உண்மையில் 1.44. ஸ்பின் அரை என்றால் 1.5-க்குப் பதில் 0.95 மட்டுமே. இதை ஒரு சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் இரு முனையிலும் அது கடிக்கும். இடைவினையை வெளியிலிருந்து எடுத்துப் போட்டால் நேல் வெப்பநிலை மிகையாகும். நேல் வெப்பநிலையைப் பொருத்தினால் இடைவினை குறைந்து, நிறைவுறு புலமும் கால் பங்குக்கு மேல் தாழ்ந்துவிடும். இரண்டையும் ஒருசேர வளைக்க முடியாது.

இன்னொரு பிழை நுட்பமானது. சராசரிப் புலத்தில், புலம் இல்லாதபோது நேல் வெப்பநிலையைத் தாண்டியதும் என்ட்ரோபி முழுக் கூரையைத் தொட்டுவிடுகிறது. உண்மைப் பொருளில் குறுந்தூர ஒழுங்கு மேலேயும் நீடிக்கும்; என்ட்ரோபியின் ஒரு பகுதி நேல் வெப்பநிலைக்கு மேலேதான் விடுபடும். ஆகவே மாதிரி காட்டும் கூர்மையான முனை, அளவீட்டில் மழுங்கி, மேல்பக்கம் வாலுடன் தெரியும்.

தேர்வுக்கு ஒரு கைமுறைச் சோதனை: கியூரி–வைஸ் வெப்பநிலையின் (உயர் வெப்பநிலை ஏற்புத்திறனிலிருந்து கிடைக்கும், இடைவினைகளின் மொத்த வலுவைக் காட்டும் எண்ணின்) அளவை நேல் வெப்பநிலையால் வகுத்துப் பாருங்கள். மாங்கனீசு டைஃபுளூரைடுக்கு 82-ஐ 67-ஆல் வகுத்தால் 1.2, இரு துணை அணிக்கோவை மாதிரி இங்கே தைரியமாக நிற்கும். மாங்கனீசு ஆக்சைடுக்கு 610-ஐ 116-ஆல் வகுத்தால் 5-க்கு மேல். அண்டை அயல் இடைவினைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பொருள். அங்கே இரண்டு துணை அணிக்கோவைகளோடு நிறுத்திக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

மறைமுகச் செலவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பின்-புரள்வுக்கு அருகே சமன்பாடுகளுக்குப் பல தீர்வுகள் உண்டு. தொடக்க ஊகம் எதுவோ அதற்குப் பக்கத்துத் தீர்வில் நிரல் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் கட்டிலா ஆற்றல்களை ஒப்பிட்டுத் தாழ்ந்ததை எடுக்காவிட்டால், நிலையற்ற கிளை ஒன்றின் மேல் அழகான வளைகோடு வரைந்திருப்பீர்கள்.

## மூன்றாம் வழி: செவ்வியல் மான்டி கார்லோ

ஸ்பின்களைத் தற்செயலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சராசரி எடுக்கும் முறை இது. ஏற்ற இறக்கங்கள் வேண்டும், இடைவினைகள் பல உண்டு, அண்டைகள் முரண்படுகின்றன, காந்த இருமுனை இடைவினையின் நீண்ட கையும் உண்டு என்றால் இதுதான் இயல்பான வழி. நேல் வெப்பநிலை சரியாக வரும், உச்சத்தின் வடிவம் வரும், மேலே நீளும் வால் வரும். திசைச்சார்பையும் எத்தனை அண்டைகளையும் சேர்ப்பதில் தடையில்லை.

ஆனால் இந்தப் பட்டியலிலேயே மிக எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படும் வழியும் இதுதான். காரணம், செவ்வியல் ஸ்பின்னுக்குத் தரை கிடையாது. ஹைசன்பெர்க் ஸ்பின் ஒன்றின் வெப்ப ஏற்புத்திறன் தனிச்சுழியை நெருங்கும்போது மறையாமல் போல்ட்ஸ்மன் மாறிலிக்குச் சமமாக நின்றுவிடும். என்ட்ரோபி முடிவில்லாமல் கீழே ஓடும். "எனக்கு வேண்டியது இரண்டு புலங்களுக்கு இடையிலான வேறுபாடுதானே, முடிவிலிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாதா?" என்று கேட்கத் தோன்றும். கழித்துக்கொள்ளும், மிஞ்சுவது சுழி அல்ல, ஒரு மாறிலி. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி அங்கே அமைதியாக முறிந்துபோகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் வரைபடத்தில் தாழ் வெப்பநிலையில் ஒரு சமதளம் வந்தது. அதை நிரல் பிழை என்று நம்பி இரண்டு வாரம் வரிவரியாகத் தேடினேன். நிரல் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருந்தது. கேட்ட கேள்விதான் செவ்வியல் ஸ்பின் பதில் சொல்லக்கூடியதாக இல்லை.

நேல் வெப்பநிலையில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே செவ்வியல் மான்டி கார்லோவின் என்ட்ரோபியை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இது என் சொந்த எல்லைக்கோடு; ஸ்பின் பெரிதானால் சற்றுத் தளர்த்தலாம், ஸ்பின் அரைக்கு இன்னும் மேலே இழுக்க வேண்டும்.

வேறு பொறிகளும் உண்டு. எல்லைகளை வட்டமாக இணைக்கும்போது அணிக்கோவையின் பக்க நீளம் ஒற்றைப்படையாக இருந்தால், எதிரெதிர் ஒழுங்கு விளிம்பில் மோதிக் கெட்டுவிடும். 15-ஐ விட்டு 16-ஐ எடுங்கள். ஸ்பின்-புரள்வுக்கு அருகே தனி ஸ்பின்களைத் திருப்பும் மெட்ரோபொலிஸ் முறை ஒரு நிலையிலேயே சிக்கிக்கொண்டு தயக்க வளையம் ஒன்றைக் காட்டும். அது நிரலின் தயக்கம், பொருளுடையது அல்ல. வெப்பநிலைகளுக்கு இடையே நகல்களை மாற்றிக்கொள்ளும் முறையோ, நிலை அடர்த்தியை நேராக எண்ணும் வாங்–லாண்டவ் முறையோ இதிலிருந்து மீட்கும். பின்னது என்ட்ரோபியை நேரடியாகவே தரும் என்பது கூடுதல் லாபம். கடோலினியம் போன்ற பெரிய காந்தத் திருப்புத்திறன் உடைய அயனிகளில் இருமுனை ஆற்றலே 1 கெல்வின் அளவுக்கு வந்துவிடும். அதை அண்டைகளோடு வெட்டி நிறுத்த முடியாது, முழுத் தொகை வேண்டும், கணக்கும் அதற்கேற்ப மெதுவாகும்.

## நான்காம் வழி: முதற்கொள்கைக் கணக்கு

இது தனித்து நிற்கும் மாதிரி அல்ல. மேலே சொன்ன மாதிரிகளுக்கு அளவுரு ஊட்டும் வழி. அடர்த்திச் சார்பகக் கோட்பாட்டால் பல காந்த ஒழுங்குகளின் ஆற்றலைக் கணக்கிட்டு, வேறுபாடுகளிலிருந்து இடைவினைகளைப் பிரித்தெடுக்கிறோம். பின்னர் அவற்றைச் சராசரிப் புலத்துக்கோ மான்டி கார்லோவுக்கோ கொடுக்கிறோம்.

எங்கே இது மின்னும்? இரும்பு–ரோடியத்தில். ஃபெர்ரோகாந்த நிலையில் ரோடியம் அணுவுக்கு ஏறத்தாழ ஒரு போர் மேக்னட்டான் திருப்புத்திறன் உண்டு. எதிர்ஃபெர்ரோகாந்த நிலையில் அது மறைகிறது. கன அளவு ஏறத்தாழ 1 சதவீதம் மாறுகிறது. நிலையான நீளமுடைய ஸ்பின்களை மட்டும் வைத்த எந்த மாதிரியும் இதைத் தொட முடியாது. கலவை விகிதம் ஓரிரு சதவீதம் பிசகினாலே மாற்ற வெப்பநிலை ஏன் பெரிதும் நகர்கிறது என்பதும் எலக்ட்ரான் அமைப்பைப் பார்த்தால்தான் விளங்கும். இன்னும் தயாரிக்காத பொருள்களில் எதை முதலில் உருக்குவது என்று வரிசைப்படுத்தவும் வேறு வழி இல்லை.

எங்கே இது ஏமாற்றும்? தாழ் வெப்பநிலைக் கடோலினியச் சேர்மங்களில். ஆறு அண்டைகள், 7/2 ஸ்பின், நேல் வெப்பநிலை 4 கெல்வின் என்று வைத்துக்கொண்டு சராசரிப் புலச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் ஓர் இணைப்பின் இடைவினை ஏறத்தாழ 0.13 கெல்வின், அதாவது எலக்ட்ரான்வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு. வழக்கமான கணக்கில் அடித்தளத் தொகுதியையோ புள்ளி வலையையோ சற்று மாற்றினாலே விடை இதைவிட அதிகமாக அசையும். ஹப்பார்டு அளவுருவை (ஒரே அணுவில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதற்கான திருத்தத்தை) நீங்கள் தேர்ந்தெடுக்கும் விதத்தில் நேல் வெப்பநிலை இரட்டிப்பாவதும் நடக்கும். அந்த அளவுருவை அளவீட்டுக்குப் பொருந்தும்வரை திருகிவிட்டு "முதற்கொள்கை" என்று பெயர் சூட்டுவது எனக்கு உவப்பில்லை. பொருத்தியது பொருத்தியதுதான், லாண்டவ் குணகத்தைவிட அது எந்த விதத்திலும் தூயதல்ல.

## ஐந்தாம் வழி: குவாண்டம் முறைகள்

ஸ்பின் அலைக் கோட்பாடு, துல்லிய மூலைவிட்டமாக்கம், குவாண்டம் மான்டி கார்லோ மூன்றையும் ஒரே தலைப்பில் அடைக்கிறேன். அவை ஒன்றுக்கொன்று உறவினர், இரட்டையர் அல்ல.

நேல் வெப்பநிலைக்கு வெகு கீழே ஸ்பின் அலைக் கோட்பாடு சொல்லும் ஒரு செய்தி மற்ற முறைகளில் காணாமல் போகிறது. திசைச்சார்பு குறைந்த முப்பரிமாண எதிர்ஃபெர்ரோகாந்தத்தில், புலம் இல்லாதபோது மேக்னான்களின் (ஸ்பின் அலைகளின் குவாண்டங்களின்) ஆற்றல் அலையெண்ணுக்கு நேர்விகிதம். என்ட்ரோபி வெப்பநிலையின் மும்மடியாக மிக வேகமாகக் கரைகிறது. நிறைவுறு புலத்தில் அதே ஆற்றல் அலையெண்ணின் வர்க்கமாக மாறுகிறது. என்ட்ரோபி வெப்பநிலையின் ஒன்றரை அடுக்காக மெதுவாகக் கரைகிறது. தாழ் வெப்பநிலையில் இரண்டாவது முதலாவதைவிட மிகப் பெரியது. ஆகவே புலத்தை நிறைவுறு மதிப்பு நோக்கி ஏற்றும்போது பொருள் வலுவாகக் குளிரும். சராசரிப் புலத்தில் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஆற்றல் இடைவெளி இருப்பதால் தாழ் வெப்பநிலை என்ட்ரோபி அடுக்குக்குறி வேகத்தில் மறைந்து, இந்தக் குளிர்ச்சியின் அளவு அடிபட்டுப் போகிறது.

இடைவினைகள் முரண்படும் பொருள்களில் இது இன்னும் பெரிதாகிறது. பைரோகுளோர் போன்ற அணிக்கோவைகளில் நிறைவுறு புலத்தருகே ஆற்றலற்ற இயக்க முறைகள் பேரளவில் குவிகின்றன என்றும், அதனால் குளிர்ச்சி முரணற்ற காந்தங்களைவிடப் பல மடங்காகிறது என்றும் ஷிட்டோமிர்ஸ்கி 2003-இல் காட்டினார். கடோலினியம் காலியம் கார்னெட் தாழ் வெப்பநிலைக் குளிர்விப்பில் நிலைத்த இடம் பிடித்ததற்கும் அது 1 கெல்வினுக்குக் கீழும் எளிதில் ஒழுங்குபடாமல் என்ட்ரோபியைக் கையில் வைத்திருப்பது ஒரு காரணம்.

விலை? துல்லிய மூலைவிட்டமாக்கத்தில் ஸ்பின் அரை 20 என்றால் 10,48,576 நிலைகள். கடோலினியம் என்றால் எட்டே அயனிகளில் 1 கோடியே 67 லட்சம். எட்டு அயனிகளை வைத்துப் படிகத்தைப் பற்றிப் பேசுவது துணிச்சல்தான். குவாண்டம் மான்டி கார்லோ பெரிய அணிக்கோவைகளையும் தாங்கும். ஆனால் முரண்பட்ட இடைவினை வந்தவுடன் குறிச் சிக்கலில் (நேர்மறை, எதிர்மறை எடைகள் ஒன்றையொன்று அழித்து விடையை இரைச்சலில் மூழ்கடிப்பது) மாட்டிக்கொள்ளும். அதாவது பொருள் எங்கே சுவையாகிறதோ அங்கேயே முறை கைவிடுகிறது. ஒற்றைப் பரிமாணச் சங்கிலிகளில் மட்டும் நிலைமை தலைகீழ்: உண்மையில் இல்லாத ஒழுங்கைச் சராசரிப் புலம் கண்டுபிடிக்கும், குவாண்டம் முறைகளோ ஏறக்குறைய துல்லியம்.

## ஒரே பார்வையில்

| வழி | தேவையான உள்ளீடு | நம்பத்தக்க இடம் | சறுக்கும் இடம் | ஆள்நேரம் |
|---|---|---|---|---|
| கிளாசியஸ்–கிளாபைரான், லாண்டவ் | அளந்த காந்தமாக்கம், வெப்ப ஏற்புத்திறன் | நிலைமாற்றத்தை ஒட்டி. சாதனக் கணக்கு | புதிய பொருள், தொலைவான வெப்பநிலை | சில மணி முதல் சில நாள் |
| சராசரிப் புலம் | நேல் வெப்பநிலை, ஸ்பின், திசைச்சார்பு | குறி, கூரை, தரை. முரணற்ற முப்பரிமாணப் பொருள் | குறும்பரிமாணம், முரண், உச்சத்தின் வடிவம் | ஒரு மாலை |
| செவ்வியல் மான்டி கார்லோ | இடைவினைப் பட்டியல் | நேல் வெப்பநிலைச் சூழல், பெரிய ஸ்பின் | தாழ் வெப்பநிலை என்ட்ரோபி | சில வாரம் |
| முதற்கொள்கை | படிக அமைப்பு | உலோகங்கள், திருப்புத்திறன் மாறும் பொருள்கள், வடிகட்டல் | சில கெல்வினில் ஒழுங்குபடும் பொருள்கள் | மாதங்கள் |
| குவாண்டம் முறைகள் | துல்லியமான இடைவினைகள் | தாழ் வெப்பநிலை, சிறு ஸ்பின், சங்கிலிகள் | பெரிய ஸ்பின், முப்பரிமாண முரண் | முறையைப் பொறுத்தது |

## அப்படியானால் எதை எடுப்பது

அறை வெப்பநிலைக்கு அருகே முதல் வகை மாற்றம் உடைய உலோகக் கலவை என்றால், முதலில் கிளாசியஸ்–கிளாபைரான். அந்த எண்ணே ஆர்வத்தைக் கொன்றுவிட்டால் அத்தோடு நிறுத்திவிடலாம். எண் நன்றாக வந்து, கலவையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் முதற்கொள்கை. இடையில் மான்டி கார்லோவுக்கு இங்கே பெரிய வேலையில்லை. தயக்கத்தை எந்த வழியும் நன்றாகச் சொல்லாது என்பதையும் கணக்கில் வையுங்கள். இரும்பு–ரோடியத்தில் அது ஏறத்தாழ 10 கெல்வின் அகலம். திரும்பத் திரும்பப் புலத்தை ஏற்றி இறக்கும்போது கிடைக்கும் குளிர்ச்சி, முதல் முறை கிடைத்ததைவிடக் கணிசமாகக் குறையும்.

சில கெல்வினில் ஒழுங்குபடும் அரிமண் ஆக்சைடு என்றால் சராசரிப் புலத்தில் தொடங்கி, இருமுனைத் தொகையோடு மான்டி கார்லோவுக்குப் போங்கள். இடைவினைகளை முதற்கொள்கையிலிருந்து எடுக்காமல் ஏற்புத்திறன், வெப்ப ஏற்புத்திறன் தரவுகளிலிருந்து எடுங்கள். ஒழுங்கு வெப்பநிலைக்கு வெகு கீழே இறங்கும்போது ஸ்பின் அலைக் கணக்கை ஒட்டுப்போடுங்கள். இரண்டு வளைகோடுகளும் நடுவே எங்காவது தழுவிச் சென்றால் நிம்மதியாக உறங்கலாம். தழுவாவிட்டால் இடைவினைப் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

மாங்கனீசு டைஃபுளூரைடு போன்ற, விகிதம் ஒன்றை ஒட்டியிருக்கும் எளிய அச்சுப் பொருளுக்குச் சராசரிப் புலத்தைத் தாண்ட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஸ்பின்-புரள்வுப் புலம் இங்கே 9 டெஸ்லாவை ஒட்டி வருகிறது. அந்த ஓர் எண்ணிலிருந்தே திசைச்சார்பைப் பிடித்துவிடலாம். ஆனால் உங்களிடம் இருப்பது தூளா, ஒற்றைப் படிகமா என்பதை மறக்காதீர்கள். தூளில் மூன்றில் இரண்டு பங்கு செங்குத்துத் திசைகளுக்குப் போய்விடுகிறது. தலைகீழ் விளைவு நீர்த்துப்போகிறது. ஒற்றைப் படிகத்துக்கு எழுதிய கணக்கைத் தூள் அளவீட்டோடு ஒப்பிட்டு, மாதிரி பொருந்தவில்லை என்று இன்னும் சிக்கலான மாதிரிக்குத் தாவியவர்களை நான் அறிவேன். திசைச் சராசரி எடுக்கும் நான்கு வரி நிரல்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.